வலது கால் பின்னால்

மகளின் கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது சம்பந்தி கோவாவிலிருந்து போன் செய்தார். வரவேற்பில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடி முடித்ததும் இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஆட வேண்டும், அது அவர்கள் வீட்டு வழக்கம், உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும் என்று பேண்டுகாரர்கள் கேட்கிறார்கள் என்றார். நான் யோசிக்காமல் "ரும்பா" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு. போனை வைத்த பிறகுதான் மனைவியை எப்படி ஆடக் கூப்பிடுவது என்ற பயம் வந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் கூச்சம் அல்ல. அந்த வாரம்தான் என் மனைவி என்னிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். கல்யாணம் முடிந்து மகளும் மருமகனும் பெங்களூரில் குடியேறும்போது அவளும் கூடப் போகிறாள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னாள். குசினியில் மீன் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு மட்டுந்தான் டிக்கெட் போட்டிருக்கேன். நீங்க இங்கன இருந்துக்கிடுங்க. உங்களுக்குத்தான் எல்லா வேலையும் தெரியுமே."

"எத்தன நாளைக்கு?"

"போறதுக்கு மட்டுந்தான் போட்டிருக்கு."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

நான் இருபத்தெட்டு வருடம் பயணிகள் கப்பலில் சாப்பாடு பரிமாறியவன். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் இது ஒரு அதிசயமே இல்லை. வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளையாவது தண்ணீரில் இருப்பான். தோணியில் இல்லாவிட்டால் விசைப்படகில், அதுவும் இல்லாவிட்டால் பேர் தெரியாத ஏதாவது கொடி பறக்கிற கப்பலில். ஒன்றரை வருடத்துக்கு முன் என் முழங்காலும் கம்பெனியும் சேர்ந்தாற்போலப் போதும் என்றன. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வந்த முதல் வாரமே குசினி அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். கரண்டிகளை நீளவாரியாக வைத்தேன். குழம்புச் சட்டியை அப்படியே மேசைக்குக் கொண்டுவராதே, கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுவா என்றேன். டம்ளரை வலது பக்கம் வை என்றேன். மறுநாள் அலமாரி பழையபடி இருந்தது. நான் மறுபடி அடுக்கினேன், அவள் மறுபடி கலைத்தாள். ஒரு வார்த்தை சண்டை கிடையாது. அவள் தனியாக நின்று நடத்திய வீட்டில் நான் மேலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கப்பலிலிருந்து நான் செய்யும் ஒவ்வொரு போனையும் அவள் ஒரே கேள்வியில்தான் முடிப்பாள். "எப்ப வாரீய?" நான் ஒப்பந்தம் முடிகிற மாதத்தைச் சொல்வேன். "சரி" என்று வைத்துவிடுவாள். கடைசி ஆறேழு வருடங்களில் அந்தக் கேள்வி நின்றுபோனது. எந்த போனோடு நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்றுவிட்டதைக் கவனிக்கவே பல மாதம் ஆயிற்று. பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்து நிம்மதியாக இருந்த மடையன் நான்.

சம்பந்தி என்று சொன்னேனே, அவர் அந்நியர் அல்ல. கப்பலில் பத்து வருடம் ஒரே அறையில் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவர். ஆறடி ஆள். அவருடைய கால் எப்போதும் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அவர் மகனுக்கு என் மகளைக் கேட்டபோது எனக்கு மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை. எனக்கு ரும்பா தெரிந்ததற்கும் அவரே காரணம். அவரும் ஒரு கியூபாக்காரரும்.

எங்கள் கப்பலில் பயணிகளுக்கு நடன வகுப்பு உண்டு. நடத்தியவர் ஓர் ஆங்கிலேய அம்மாள். முதுகு வளையாமல், கழுத்து நரம்பு தெரிய நிற்பார். வகுப்புக்குத் தனியாக வரும் பெண்கள் அதிகம், ஆண்கள் குறைவு. அதனால் ஆடத் தெரிந்த ஊழியர்களைத் துணைக்கு அனுப்புவார்கள். அந்த வேலைக்கு ஆசைப்பட்டு நாங்கள் சிலர், மதியச் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்து முடித்து, அடுத்த வேளைக்கு விரிப்பு போடுவதற்கு முன் கிடைக்கும் இடைவேளையில், விரிப்புகள் அடுக்கி வைக்கும் அறையில் பழகுவோம். சொல்லிக்கொடுத்தவர் கப்பல் பேண்டில் தாளம் போடும் கியூபாக்காரர். வயதானவர், கருத்த ஒல்லி உடம்பு, ஹவானாவில் பிறந்தவர்.

மேல்தளத்தில் பயணிகள் மினுமினுக்கும் உடை போட்டுக்கொண்டு ஆடுவதைப் பார்த்து, ரும்பா ஏதோ அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்று நான் நினைத்திருந்தேன். அவரிடம் சொன்னேன். அவர் இருமும் வரை சிரித்தார். அது துறைமுகத்தில் பிறந்தது என்றார். ஹவானாவிலும் மத்தான்சாஸ் என்ற இன்னொரு துறைமுகத்திலும் மூட்டை சுமந்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்துவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், வேலை விட்டு வந்து பொது முற்றத்தில் கூடி ஆடியது. அவர்கள் தங்கள் மேளங்களை அடிப்பதை அதிகாரத்தில் இருந்தவர்கள் தடுத்தார்கள். துறைமுகத்தில் காலி மரப்பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. உப்புக் கருவாடு வந்த பெரிய பெட்டியைக் கவிழ்த்தால் கனத்த சத்தம், மெழுகுவர்த்தி வந்த சின்னப் பெட்டிக்குச் சன்னமான சத்தம். அதன் மேல் உட்கார்ந்து கையால் அடித்தார்கள். பெட்டியைத் தடைசெய்ய யாருக்கும் தோன்றவில்லை.

கருவாட்டுப் பெட்டி என்றதும் எனக்கு அந்த ஊர் பக்கத்து ஊர் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் அந்தப் பெட்டியில் ஏறி நின்று மாதா தேர் பார்த்த ஆள் நான்.

தாளத்துக்கு அவர் கையில் இரண்டு கட்டைகள் வைத்திருந்தார். ஒரு சாண் நீளம், பெருவிரலைவிடக் கொஞ்சம் பருமன், இரும்பு மாதிரி கனம். கிளாவெஸ் என்பார்கள். ஒன்றை உள்ளங்கைக் குழிவில் படுக்க வைத்து மற்றதால் தட்டினால் எலும்புக்குள் போகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுவும் துறைமுகத்துச் சாமான்தான். ஹவானாவில் மரக்கப்பல் கட்டும் பட்டறைகளில் பலகையைப் பலகையோடு இணைக்க அடித்த மர முளைகள் அவை. மிச்சம் கிடந்ததை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்த யாரோ ஒரு தொழிலாளிக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. எங்கள் ஊர்த் தோணிகளுக்கு இரும்பு ஆணிதான். என் மாமனார் தோணி கட்டுகிற ஓடாவி, அந்தப் பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவர். மர முளை விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், சொல்வதற்குள் அவர் போய்விட்டார்.

அப்படியானால் மேலே பயணிகள் ஆடுவது இதுதானா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். கியூபாத் தீவின் கிழக்குப் பக்கத்திலிருந்து வந்த வேறொரு மெதுவான பாட்டும் ஆட்டமும் நியூயார்க்குக்கும் பாரிசுக்கும் போயின. போன இடத்தில் கியூபாவிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் ரும்பா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வடக்கே போனால் நாம் எல்லோரும் மதராசி ஆகிறோமே, அப்படித்தான். பெட்டி அடித்தவர்களின் பெயரை எடுத்து வேறொருவனுக்குச் சூட்டினார்கள் என்று அவருக்குக் கடைசிவரை மனக்குறை.

ஆங்கிலேய அம்மாள் மீதிக் கதையைச் சொன்னார். லண்டனில் முதலில் ரும்பாவைச் சதுரமாக ஆடினார்களாம். பக்கம், சேர்த்து, முன்னால், பக்கம், சேர்த்து, பின்னால், தரையில் கட்டம் போட்ட மாதிரி. பிறகு அங்கிருந்த நடன ஆசிரியர்களில் ஒரு ஜோடி, நிஜமாக எப்படி ஆடுகிறார்கள் என்று பார்க்கக் கியூபாவுக்கே போனது. அங்கே யாரும் முதல் தட்டில் காலை எடுத்து வைக்கவில்லை. முதல் தட்டை விட்டுவிட்டு இரண்டாவது தட்டில் எடுத்தார்கள். திரும்பி வந்து, நாம் சொல்லிக்கொடுப்பது எல்லாம் தப்பு என்று அவர்கள் சொன்னதும் லண்டனில் சண்டை. சதுரக் கட்சி, இரண்டாம் தட்டுக் கட்சி என்று வருடக்கணக்கில் பேசாமல் இருந்தார்களாம். கடைசியில் இரண்டாம் தட்டு ஜெயித்தது. இன்று போட்டிகளிலும் பரீட்சைகளிலும் ஆடுவது அதைத்தான். இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று அடி. ஒன்றில் கால் நகராது, உடம்பின் பாரம் மட்டும் மெதுவாக இறங்கும். இடுப்பை ஆட்டாதே, முழங்காலை நிமிர்த்து, இடுப்பு தன்னால் வரும் என்பார் அந்த அம்மாள். கியூபாக்காரரிடம் இதைச் சொன்னால், நாங்கள் எண்ணுவதே இல்லையே என்பார்.

இவ்வளவு தெரிந்தும் என்னை ஒரு நாளும் வகுப்புக்கு அனுப்பவில்லை. அதற்குக் காரணம் எனக்கு மொட்டை மாடியில்தான் விளங்கியது.

மகள் பெங்களூரிலிருந்து போனில் கெஞ்சியதால் என் மனைவி ஆடச் சம்மதித்தாள். "பிள்ளைக்காவ வாரேன். இடுப்ப ஆட்டு கிடுப்ப ஆட்டுன்னு சொல்லப்படாது" என்றாள். காலைப் பூசை முடிந்து வந்ததும், வெயில் ஏறுவதற்கு முன் மாடிக்குப் போனோம். கொடியில் காயப்போட்டிருந்த துணிகளை ஒதுக்கினேன். அவளுக்குக் காலடி சொல்லிக்கொடுத்தேன். இரண்டில் வலது கால் பின்னால், மூன்றில் பாரம் இடது காலுக்கு, நான்கில் வலது கால் பக்கவாட்டில். ஒன்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

"முதல் தட்டுல அவசரப்படக் கூடாது. காத்துக்கிட்டு நிக்கணும், கேட்டியா?"

"காத்துக்கிட்டு நிக்கதுக்கு எனக்கா சொல்லித் தாரீய?"

எனக்குச் சுருக்கென்றது. போனில் பாட்டைப் போட்டுவிட்டு அவள் ஒரு கையைப் பிடித்து, என் மற்றக் கையை அவள் முதுகில் வைத்தேன். இரண்டு என்றேன். அவள் வலது காலைப் பின்னால் வைத்தாள். நானும் வலது காலைப் பின்னால் வைத்தேன். இருவரும் விலகி, கைகள் மட்டும் நடுவில் விறைத்து நின்றன. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி அப்படியே. மூன்றாம் முறை அவள் கையை விட்டுவிட்டாள்.

"ரெண்டு பேரும் பின்னால போனா எப்படி? யாராவது ஒருத்தர் முன்னால வரணும்லா?"

அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரிந்தது பெண்ணின் காலடி மட்டும். விரிப்பு அறையில் பெண்கள் கிடையாது. சம்பந்தி ஆறடி, நான் அவர் தோளுக்கு இருப்பேன். வருடக்கணக்கில் அவர் ஆண், நான் பெண். ஆண் முன்னால் வைக்கும் இடது காலை நான் எதிரில் நின்று பார்த்திருக்கிறேனே ஒழிய, ஒரு தரம்கூட வைத்ததில்லை. இதை வைத்துக்கொண்டா ஒரு சீமாட்டியை ஆட்டுவிக்க அனுப்புவார்கள்?

நான் இதைச் சொன்னதும் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. தாளம் சரியாகக் கேட்டால் கால் மாற்றிப் பழகிவிடலாம், பொறு என்று சொல்லிக் கீழே ஓடினேன். கியூபாக்காரர் எனக்குக் கொடுத்த அந்தக் கட்டைகளைத் தேடினேன். என் கப்பல் பெட்டியில் இல்லை. குசினியில் இருந்தன. ஒன்று ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து நின்றது. இன்னொன்று அம்மிக்குப் பக்கத்தில், நுனி நைந்து, இஞ்சிப் பூண்டு வாடையோடு கிடந்தது. பல வருடமாக அதில்தான் இஞ்சி தட்டுகிறாளாம். நான் கத்த வாயெடுத்தேன். எதற்காக வைத்திருக்கிறேன் என்று நான் ஒரு நாளும் சொல்லாதபோது கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

மாடிக்கு எடுத்துப் போய், ஒன்றை உள்ளங்கையில் வைத்து மற்றதால் தட்டினேன். ஐந்து தட்டு. அவள் முகம் மாறிவிட்டது.

"அதத் தட்டாதீய."

"ஏம்ளா? இதுதான் தாளமே."

"தட்டாதீயன்னு சொல்லுதேன்லா!"

படியிறங்கிப் போய்விட்டாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாளும் அவள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் குசினி வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ரும்பா நான் எப்போது கற்றுக்கொண்டேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். இருபத்தைந்து வருடமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

மகளுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒன்பது நாள் இருந்தான். நான் அப்போது அட்லாண்டிக்கில் இருந்தேன். பிறந்த செய்தி வந்து ஆறு நாளில் இறந்த செய்தி வந்தது. எனக்கு அது கிடைக்கும்போது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டது. அடுத்த கரைக்கு ஐந்து நாள். இறங்கினாலும் வந்து பார்க்க ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். அன்று சாயங்காலம் வழக்கம்போல வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பரிமாறினேன். சூப்புக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு போகும்போது பேண்டு ரும்பா வாசித்துக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் விரிப்பு அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கியூபாக்காரர் வந்து பார்த்தார். அழுகிறவனை எங்கள் ஊரில் உட்கார விடமாட்டோம், எழுந்து நட என்றார். கட்டைகளைத் தட்டினார். என் அறைத்தோழர் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார். நீ எதுவும் யோசிக்காதே, பின்னால் மட்டும் வா, நான் கொண்டுபோகிறேன் என்றார். வலது காலைப் பின்னால் வைத்தேன். நான் ரும்பா கற்றுக்கொண்டது அந்த வாரம். கரை வரும் வரை தினமும் ஆடினேன். அந்த ஒப்பந்தம் முடிந்து நான் கப்பலை விட்டு இறங்கும்போது கியூபாக்காரர் கட்டைகளை என் கையில் கொடுத்தார்.

"பிள்ள செத்த வாரத்துல நான் ஆடினேன்ளா. அதான் உங்கிட்டச் சொல்லல" என்றேன்.

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். ஒற்றை டிக்கெட் போட்டவளிடம் இதையும் சொல்லி முடித்துக்கொண்டேன், இனி திரும்பிவர ஒரு காரணமும் மிச்சமில்லை என்று நினைத்தேன்.

"பிள்ளைய வைக்க எங்கப்பாதான் பெட்டி செஞ்சாக" என்றாள். "கடையில வாங்க வேண்டாம், என் பேரனுக்கு நானே செய்யுதேன்னு சொல்லி, தோணிப் பலகையக் கொண்டாந்து இந்தா இந்த ஜன்னலுக்கு வெளியதான் உக்காந்து செஞ்சாக. பிரசவிச்ச உடம்பு, என்னக் கல்லறைக்கு விடல. நான் உள்ள படுத்துக் கிடந்தேன். ஆணி அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நீங்க அன்னைக்கு மாடியில தட்டுனீயல்லா, அதே சத்தம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த இருபத்தைந்து வருடத்தில் ஒரு தடவையாவது அந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்டிருக்கிறேனா? வீட்டுக்கு வந்தபோது மகளையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனோம், மெழுகுவர்த்தி ஏற்றினோம். பெட்டி யார் செய்தது என்றுகூட நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் அழுவாள் என்று கேட்கவில்லை. அவள் தனியாக அழுவது எனக்கு வசதியாக இருந்தது, அதுதான் உண்மை.

"ஆடினது தப்பில்ல" என்று சொன்னாள். "உங்கள ஒருத்தர் தூக்கி நிறுத்துனாரு. நல்லாயிருக்கட்டும் அவரு. எனக்குத்தான் இங்கன ஆள் இல்ல."

வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். அவள் தடுக்கவில்லை.

அடுத்த நாள் பூசையிலிருந்து வந்ததும் அவள் நேராக மாடிப்படி ஏறினாள். நான் பின்னால் போனேன். கட்டையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்றாள். என் எதிரில் நின்று, என் வலது கையைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை என் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே வைத்தாள். ஆண் வைக்கிற இடம் அது. நான்கு நாளைக்கு முன் நான் வைத்துக் காட்டியதைப் பார்த்து வைத்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க செய்யுங்க. நான் முன்னால வாரேன்."

இரண்டு என்றேன். நான் வலது காலைப் பின்னால் வைத்தேன், அவள் இடது காலை முன்னால் வைத்தாள். மூன்று. நான்கு. ஒன்றில் நின்றோம். அவளுக்கு நிற்கத் தெரிந்திருந்தது. கப்பலில் எத்தனையோ ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன், முதல் தட்டில் யாரும் இப்படி நின்று பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து எண்ணுவதை விட்டுவிட்டேன். எதிர்த்த வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த அம்மாள் வாளியோடு நின்று பார்த்தார். என் மனைவி திரும்பவில்லை. ஐந்து வாரம் தினமும் அப்படித்தான் ஆடினோம். அலமாரியை நான் அதற்குப் பிறகு தொடவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்தில் கூட்டம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடினார்கள், சம்பந்தியும் அவர் மனைவியும் ஆடினார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். நான் பயந்துகொண்டிருந்தது ஒரே விஷயத்துக்குத்தான். பேண்டில் இரண்டு கட்டைகளை ஒருவன் கையில் எடுத்தான். வேண்டாம் என்று சைகை காட்டுவதற்குள் தட்டிவிட்டான். ஐந்து தட்டு, தெளிவாக. அவள் விரல்கள் என் கையில் இறுகின. அவள் கண் எங்கோ போயிற்று. அந்த ஜன்னலுக்குத்தான் போயிருக்கும். அவள் நின்றாள். தாளம் ஒரு சுற்று போயிற்று, இரண்டாவது சுற்றும் போயிற்று. எதிரில் மகள் பதறிப்போய்ப் பார்த்தாள். நான் நகரவில்லை. இந்தத் தடவை காத்திருக்க வேண்டியவன் நான். மூன்றாவது சுற்றில், இரண்டாம் தட்டில், அவள் இடது காலை முன்னால் வைத்தாள்.

கூட்டத்தில் பலருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. சம்பந்திக்குத் தெரிந்தது. என் வலது கால் பின்னால் போனதைப் பார்த்ததும் அவர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து வந்து கட்டிக்கொண்டபோது அவர் முகம் நனைந்திருந்தது.

ஆனாலும் அவள் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து, மாலை ரயிலுக்கு அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். பையைத் தூக்கி வைத்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கத்தில் நின்றேன். என்னை வழியனுப்ப இருபத்தெட்டு வருடம் அவள் இப்படித்தான் நின்றிருக்கிறாள், நிற்கிற பக்கம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் "ரசம் ப்ரிட்ஜில இருக்கு" என்றாள். ரயில் கிளம்பியது.

மறுநாள் காலையில் பூசைக்குப் போய்விட்டு வந்து டீ போட இஞ்சி எடுத்தேன். அம்மிக்குப் பக்கத்தில் கட்டை இல்லை. ஜன்னலில் முட்டுக் கொடுத்திருந்தது மட்டும் இருந்தது. அலமாரியில், மேசைக்கு அடியில், பெட்டியில் எல்லாம் தேடினேன். போன் அடித்தது. வந்து சேர்ந்துவிட்டேன் என்றாள். வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது, குளிர்தான் தாங்கவில்லை என்றாள். கட்டையைக் காணவில்லை என்றேன்.

"ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இஞ்சி தட்ட எடுத்துட்டு வந்தேன்."

"இங்கன ஒண்ணுதான இருக்கு. ஒண்ண வச்சி நான் என்னத்தச் செய்ய?"

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், கட்டாகவில்லை. மறுபடி காதில் வைத்தபோது கேட்டாள்.

"எப்ப வாரீய?"

எந்த மாதம் என்று சொல்ல என் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"இன்னைக்குச் சாயங்கால ரயில்ல" என்றேன்.